ஸ்கேனில் தெரியாத வலியும் சீனத்து ஊசியும்

சந்தை நாளில் அவலூர்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும், வியாபாரியின் உடம்பு என்ன பாடு படுகிறது என்பது விளங்கிவிடும். விடிவதற்கு முன்பே சரக்கு வந்து இறங்குகிறது. ஆள் வரவில்லையென்றால் கடைக்காரரே முதுகு கொடுக்கிறார். 25 கிலோ அரிசிச் சிப்பம், 50 கிலோ சர்க்கரை மூட்டை, 15 கிலோ எண்ணெய் டின் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணி வரை எழுந்திருக்க நேரமில்லை. ஒரே பக்கமாகத் திரும்பி எடை போடுவது, தலைக்கு மேலிருக்கும் பலகையிலிருந்து டப்பாவை எடுப்பது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சிட்டை எழுதுவது என்று நாள் முழுவதும் இதே வேலைதான். ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நம் நெல் மூட்டைகளுக்கு அந்தச் சேதி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இப்படி உழைத்த உடம்பில் வலி வருவது வியப்பில்லை. வலி வந்து, அதற்குக் காரணம் ஒன்றும் அகப்படாமல் போகும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

நம் வணிகர் ஒருவர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது ஐம்பதைத் தாண்டியவர், மளிகைக் கடை. வலது தோள்பட்டையின் பின்புறம் ஆரம்பித்துக் கழுத்து வரை ஏறும் வலி அவருக்கு நான்கு வருடமாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார், இரத்தம் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே பதில்: ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிட்டால் அன்றைக்கு மட்டுப்படும், மறுநாள் வயிறு எரியும். ஆறு மாதம் போனபின் வீட்டிலேயே பேச்சு மாறிவிட்டது. மூட்டை இறக்கும் நேரத்தில் மட்டும் அப்பாவுக்குக் கை வலிக்கிறது என்று மகன் விளையாட்டாகச் சொன்னதை அவர் நம்மிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "வலி இருக்குது. ஆனா ஒண்ணுமில்லன்றாங்க. அப்ப நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதை மருத்துவ உலகமே இப்போது ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். அதற்கு வேறொரு நோய் காரணமாக இல்லாதபோது, அந்த வலியையே தனி நோயாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்பு, ஏற்றுக்கொண்டுவிட்டது. ஸ்கேனில் தெரிந்தால்தான் வலி, தெரியாவிட்டால் பிரமை என்ற பழைய கணக்கு செல்லாது.

ஸ்கேனில் ஏதாவது தெரிந்தாலும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓரிடத்திலாவது முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்குகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். ஆக, படத்தில் பழுது இருந்தும் வலி இல்லாதவர் உண்டு, படம் சுத்தமாக இருந்தும் வலியால் துடிப்பவர் உண்டு.

இது எப்படி என்று கேட்டால், நம் தராசையே உதாரணம் சொல்லலாம். மின்னணுத் தராசில் சில சமயம் தட்டு காலியாக இருக்கும்போதே 200 கிராம் காட்டும். தட்டில் ஒன்றுமில்லை என்பது உண்மை. தராசு எடை காட்டுவதும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. தட்டைக் கழுவிக் கழுவிப் பார்த்துப் பயனில்லை, கோளாறு உள்ளே இருக்கிறது. நீண்ட நாள் வலிச் செய்தியைச் சுமந்த நரம்பு மண்டலமும் இப்படி ஆகிவிடுவதுண்டு. தசையில் பட்ட காயம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் வலி, வலி என்று காட்டிக்கொண்டே இருக்கும். தூக்கக் குறைவும் கடன் கவலையும் சேர்ந்தால் அந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

அந்த அன்பரைச் சென்னையில் இருக்கும் அவருடைய மைத்துனர் ஒரு அக்குபங்சர் மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஊசி குத்திக்கொள்ள ஊசிக்குப் பயப்படுகிறவர் போன கதை இது. அதற்கு வருமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம்.

சீனச் சரக்கு நமக்குப் புதிதா?

சீன வைத்தியம் என்றதும் ஏதோ தூரதேசத்துச் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூர், மலேயா போய்வந்த உறவினர் பெட்டியைத் திறந்ததும் நம் வீடுகளில் முதலில் கைநீட்டி வாங்கிய பொருள் எது? கோடாலித் தைலம். 1928-ல் சிங்கப்பூரில் ஒரு சீனர் ஆரம்பித்த கம்பெனியின் சரக்கு அது. டைகர் பாம் தைலத்தின் பூர்வீகமும் ரங்கூனில் குடியேறிய ஒரு சீன மருந்துக் கடைக் குடும்பம்தான். நாட்டு மருந்து அலமாரியில் பரங்கிப்பட்டை வைத்திருக்கிறோமே, அதன் தாவரப் பெயரிலேயே சீனா இருக்கிறது. சுக்கு, பட்டை, அதிமதுரம் ஆகியவை சீன மருந்துச் சீட்டிலும் தவறாமல் இடம்பெறுபவை. அதிமதுரத்தை அவர்கள் பெரும்பாலான கூட்டு மருந்துகளில் சேர்ப்பார்கள். போகர் சித்தருக்குச் சீன தேசத்தோடு தொடர்பு உண்டு என்பது நம் சித்த மரபில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வர்ம சாஸ்திரத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களை நம்மவர்கள் குறித்தார்கள். சீனர்கள் 14 பாதைகளில் 361 இடங்களைக் குறித்தார்கள். இரண்டும் ஒன்றே என்று சிலர் மேடையில் அடித்துச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட ஆதாரம் போதாது. ஆனால் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதும் நாக்கை நீட்டச் சொல்லி நிறம் பார்ப்பதும் நமக்கு விளங்காத காரியங்கள் அல்ல.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த வழி சுவையானது. 1938-ல் ஜப்பானியரோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு உதவ, காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி ஆகியோர் அந்த ஐவர். சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே போர்முனையில் வேலை செய்து, 1942 டிசம்பர் 9-ந் தேதி 32 வயதில் காலமானார். அவரைப் பற்றி சாந்தாராம் எடுத்த இந்திப் படம் 1946-ல் வந்தது. ஐவரில் இன்னொருவரான கல்கத்தா டாக்டர் பிஜய் குமார் பாசு பிற்பாடு மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்று வந்தார். 1959-ல் கல்கத்தாவில் இந்த வைத்தியத்தைத் தொடங்கினார். ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர் ஒருவர் கையால்தான் இந்த ஊசி முதலில் நம் நாட்டில் ஊன்றப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

மேல்நாட்டார் கண் திறந்தது அதற்குப் பிறகுதான். 1971-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங் சென்றிருந்தபோது குடல்வால் அழற்சி வந்து அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டார். ஊசி குத்தியே ஆபரேஷன் செய்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அது தவறு. வழக்கமான மரத்துப்போகும் மருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் நடந்தது. பின்னால் வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் ஊசி குத்தினார்கள். அவர் தம் பத்திரிகையில் எழுதிய அந்த அனுபவம் பெரிய பரபரப்பை ஏற்படுத்தியது.

ஊசி என்ன செய்கிறது?

இது மருந்து ஏற்றும் ஊசி அல்ல. உள்ளே துளை கிடையாது. தலைமயிரைவிடச் சற்றுத் தடிமனான, வளையக்கூடிய எஃகுக் கம்பி. எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும். பிறகு அந்த இடத்தில் ஒரு கனம், ஒரு மதமதப்பு தோன்றும். அதைத்தான் சீன வைத்தியர் எதிர்பார்க்கிறார். இருபது முதல் முப்பது நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். சிலர் ஊசியில் மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். சிலர் ஒரு மூலிகைத் திரியைக் கொளுத்தித் தோலுக்கு அருகில் சூடு காட்டுவார்கள். அந்த மூலிகை, பூக்கடையில் நாம் வாங்கும் மரிக்கொழுந்துக்குப் பங்காளி.

உடம்பில் "சீ" என்ற உயிர்ச்சக்தி பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் வலி, ஊசி தடையை நீக்குகிறது என்பது சீனர் விளக்கம். அந்தப் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்து யாரும் காணவில்லை. விஞ்ஞானிகள் வேறு வழியில் போனார்கள். உடம்பு தானே சுரக்கும் வலியடக்கிப் பொருள்கள் உண்டு, எண்டார்ஃபின் என்பார்கள். அவற்றின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தை முதலில் கொடுத்துவிட்டு ஊசி குத்தினால் வலி குறைவது நின்றுவிடுகிறது என்று 1970-களின் பிற்பகுதியில் கண்டார்கள். ஆக, ஊசி உடம்பின் சொந்தச் சரக்கைத்தான் வெளியே எடுக்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது. கதை இவ்வளவுதானா என்றால், இல்லை.

ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குச் சீன முறைப்படி சரியான இடங்களில் ஊசி. இன்னொரு கூறுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. மூன்றாம் கூறுக்கு வழக்கமான மாத்திரையும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் சரியான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்கும் போலி ஊசியில் 44.2 சதவீதம் பேருக்கும் நல்ல குணம் தெரிந்தது. வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம் பேருக்குத்தான். 2007-ல் வெளியான இந்த முடிவைப் பார்த்து இரு கட்சிக்காரர்களும் தங்களுக்கே வெற்றி என்றார்கள்! போலிக்கும் அசலுக்கும் வித்தியாசமில்லை, எல்லாம் மனப்பிரமை என்றது ஒரு கட்சி. மாத்திரையைவிட ஊசி பெரிது என்றது மறு கட்சி.

நம் கருத்தைக் கேட்டால், வலியோடு இருக்கும் மனிதருக்கு இரண்டாம் செய்திதான் முக்கியம். முதல் செய்தியையும் மறைக்கக்கூடாது. எந்த இடத்தில் குத்துகிறார்கள் என்பதைவிட, ஒருவர் அரை மணி நேரம் அருகிலிருந்து கேட்டு, தொட்டு, அமைதியாகப் படுக்க வைப்பதிலும் குணத்தின் பெரும்பங்கு இருக்கலாம். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. காலை ஐந்து மணி முதல் படுக்கும் வரை மல்லாந்து கண்மூடிக் கிடக்க எந்த மளிகைக்காரருக்கு அரை மணி வாய்க்கிறது? பின்னர் 39 ஆய்வுகளில் பங்குபெற்ற 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2018-ல் கணக்கிட்டபோது, அசல் ஊசி போலியைவிடச் சிறிதளவேனும் மேல் என்றும், கிடைத்த பலனில் பெரும்பகுதி ஒரு வருடம் கழித்தும் நிற்கிறது என்றும் தெரிந்தது.

அரசாங்கங்கள் என்ன செய்தன? ஜெர்மனியில் 2006-ல் நாட்பட்ட இடுப்புவலிக்கும் முழங்கால் தேய்மான வலிக்கும் காப்பீட்டில் பணம் கொடுக்க முடிவு செய்தார்கள். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் இடுப்புவலிக்கு அக்குபங்சரை 2009-ல் பரிந்துரைத்தது, 2016-ல் வேண்டாம் என்றது, 2021-ல் காரணம் புலப்படாத நாட்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது. மொத்த வியாபாரி காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையும் சொன்ன கதையாக இருக்கிறது. ஆனாலும் அந்த 2021 குறிப்பில் நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு வரி உண்டு. இவ்வகை வலிக்குப் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை ஆரம்பிக்கவே வேண்டாம் என்கிறது அது. உடற்பயிற்சி, மனப்பயிற்சி, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான சில மருந்துகள், இவற்றோடு ஒரு சுற்று ஊசி, அதுவும் மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குள். கல்லாவுக்குப் பக்கத்தில் வலி மாத்திரை அட்டையைத் தொங்கவிட்டு, கேட்டவருக்கெல்லாம் இரண்டு இரண்டாகக் கிழித்துக் கொடுக்கும் கடைகள் நம் பகுதியில் இல்லாமல் இல்லை. நாட்கணக்கில் தின்றால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் வரும் சரக்கு அது. கடைக்காரரே அதைத் தானும் விழுங்கிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறோம்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு 2020 ஜனவரி முதல் நாட்பட்ட இடுப்புவலிக்கு 90 நாளில் 12 தடவை ஊசிக்குப் பணம் கொடுக்கிறது. குணம் தெரிந்தால் மேலும் 8 தடவை. தெரியாவிட்டால் அத்தோடு நிறுத்தம். வருடத்துக்கு 20-ஐத் தாண்டக்கூடாது. வியாபாரிக்குப் பிடித்தமான கணக்கு இது. சரக்கு ஓடினால் மறு ஆர்டர், ஓடாவிட்டால் அத்தோடு சரி.

பேரேட்டின் கடைசிப் பக்கம்

நம் அன்பரும் இப்படித்தான் ஒரு கணக்கு வைத்தார். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, அன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ராத்திரி கடை கட்டும்போது எழுதினார். பக்கத்திலேயே எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றும் எழுதினார். முதல் வாரம் ஏழு, எட்டு. மூன்று தடவை ஊசி போட்டும் எண் நகரவில்லை. நிறுத்திவிடலாம் என்றிருந்தவர், தூக்கம் நாலு மணியிலிருந்து ஆறு மணியாகியிருப்பதை அந்தப் பக்கத்தில் பார்த்துத்தான் தொடர்ந்தார். எட்டாவது தடவைக்கு மேல் வலி நாலு, ஐந்து என்று நின்றது. அதற்குக் கீழே இறங்கவேயில்லை. பத்தோடு நிறுத்திக்கொண்டார். பூரண குணம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் எழுத மாட்டோம். ஆனால் மாத்திரை போய்விட்டது. மருத்துவர் சொன்னபடி அடிக்கடி எடுக்கும் சரக்கைத் தோள் உயரத்துக்கு இறக்கி அடுக்கினார். தினம் அதிகாலையில் சித்தகிரி முருகன் கோயில் வரை நடக்கிறார். குணம் ஊசியாலா, நடையாலா, அலமாரியாலா என்று நாம் கேட்டோம். "யாருக்குத் தெரியும், மூணுக்கும் பங்கு இருக்கும்" என்றார். செலவு விவரத்தையும் காட்டினார். ஊசிக்கு ஆனதைவிட, சென்னைக்குப் போய்வந்த பஸ் செலவும் கடையைப் பாதி நாள் மூடிய நஷ்டமும்தான் அதிகம்!

சூரணத்தில் எச்சரிக்கை தேவை

ஊசியைப் பற்றி எழுதிய தாராளம் சீன மருந்துப் பொடி, மாத்திரை, கஷாயம் விஷயத்தில் நமக்கு வரவில்லை. காரணம் சரக்குப் பிரச்சினை. அதை நம் வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் வேறு யார்?

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் கெட்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் பாதிப்பு. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். விசாரித்ததில் தெரிந்தது என்ன? சீனத்தில் "ஃபாங் ஜி" என்ற பெயரில் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று "ஹான் ஃபாங் ஜி", அது கேட்ட சரக்கு. இன்னொன்று "குவாங் ஃபாங் ஜி", அது வந்த சரக்கு. பெயர் ஒத்துப்போனதால் மூட்டை மாறிவிட்டது. வந்த வேரில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருந்தது. இது சீனர் பாடு என்று ஒதுக்க முடியாது. நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே தாவரக் குடும்பம், அதே நஞ்சு உடையவை. நாட்டு மருந்து விற்கும் அன்பர்கள் இந்த இரண்டையும் உள்ளுக்குச் சாப்பிடக் கொடுக்கும் முன் ஒரு முறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

வலிக்குச் சீனர்கள் கொடுக்கும் இன்னொரு வேர் நம் நாபிக்கிழங்கின் இனம். முறையாகச் சுத்தி செய்யாமல் போனால் இதயத்தை நிறுத்தும். ஹாங்காங்கில் இதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. அதிமதுரம்கூட வாரக்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடும் வியாபாரிகள் குறித்துக்கொள்க.

எல்லாவற்றையும்விட மோசம், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "மூட்டுவலிப் பவுடர்". கடை நடத்தும் ஒரு அம்மையார் வெளியூரில் யாரோ கொடுத்த இப்படியொரு பொடியைச் சாப்பிட்டார். மூன்றாம் நாளே வலி பறந்தது. இரண்டு மாதத்தில் முகம் பௌர்ணமி நிலா போல் ஊதி, சர்க்கரை எகிறியது. மூலிகைப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றே நாளில் பறக்கும் வலியைப் பார்த்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும். அப்படிச் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் பொட்டலத்தோடு போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

யாரிடம் போவது?

மேற்கு வங்கத்தில் 1996-லும் மகாராஷ்டிரத்தில் 2015-லும் அக்குபங்சருக்குத் தனிச் சட்டம் இயற்றினார்கள். தகுந்த பயிற்சி பெற்றவர்கள் இதைச் செய்யலாம் என்று மத்திய அரசு 2003-ல் உத்தரவிட்டது, 2019-ல் தனிச் சிகிச்சை முறையாகவும் ஏற்றது. ஆனால் நம் பக்கத்தில் தொங்கும் போர்டை வைத்து மட்டும் ஒருவர் தகுதியை எடைபோட முடியாது. சில நாள் வகுப்புச் சான்றிதழும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் பெரிதாகத்தான் தெரியும். மருத்துவப் படிப்பும் பதிவு எண்ணும் உண்டா என்று கூசாமல் கேளுங்கள். இயற்கை மருத்துவமும் யோகாவும் ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் பெறுகிறவர்களின் பாடத்தில் அக்குபங்சரும் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கான அரசுக் கல்லூரியே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் வந்திருப்பதால், முண்டியம்பாக்கத்திலோ திருவண்ணாமலையிலோ முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு சென்னைக்குப் பஸ் ஏறலாம்.

ஊசிகளை உங்கள் கண்முன் புது உறையைக் கிழித்து எடுக்க வேண்டும், உபயோகித்தபின் எறிய வேண்டும். 1984-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே அக்குபங்சர்காரரிடம் போன 35 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியது. மார்பிலும் தோளின் மேல்புறத்திலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறவர் யாராயிருந்தாலும், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

காரணம் தெரியாத வலி என்று முடிவு கட்டுமுன் காரணத்தைத் தேடியாயிற்றா என்பதும் முக்கியம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம், பாத எரிச்சலும் அப்படியே. மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 வைட்டமின் குறையலாம். தைராய்டு குறைந்தாலும் உடம்பெல்லாம் வலிக்கும். நாள் முழுதும் கடைக்குள்ளேயே இருந்து வெயில் படாதவர்களுக்கு டி வைட்டமின் குறைவு வரும். இவையெல்லாம் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியவை. நெஞ்சிலிருந்து இடது கைக்குப் பரவும் வலி, அதோடு வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் ஊசியும் வேண்டாம், தைலமும் வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், படுத்தாலும் குறையாத இரவு வலி, கால் மரத்துப் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பெரிய ஆஸ்பத்திரி.

முதல் தடவை போகிறவர்களுக்கு இன்னொன்று. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஊசி போடும்போது தலைசுற்றி மயக்கம் வரும். காலைக் கடை நெருக்கடியில் டீ மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறிய நம் அன்பருக்கு முதல் நாள் அதுதான் நடந்தது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, பழைய ஸ்கேன்களையும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லவும். எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு, எத்தனையாவது தடவையில் குணம் தெரியாவிட்டால் நிறுத்தலாம் என்று படுக்குமுன்பே கேட்டு எழுதிக்கொள்ளவும்.